விண்டோஸுக்கு மாறியதும் கருப்பான ஜிகாம்ப்ரிஸ்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மன்னார்குடியில் டியூஷன் எடுக்கும் நண்பர் ஒருவர், பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டு மென்பொருளைப் போடலாமா என்று கேட்டிருந்தார். என் பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் மாற்றி ரிப்பேர் கடையிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிகாம்ப்ரிஸில், கால்வாயில் படகு விடும் விளையாட்டு ஒன்று உண்டு. மதகைத் திறந்து, தண்ணீர் மட்டம் சமமான பிறகு பெரிய கதவைத் திறந்து படகைக் கடத்த வேண்டும். ஆற்று ஷட்டர் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, மவுஸைப் பிடித்ததும் புரிந்துகொண்டார்கள்.

சரி, இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன். இவ்வளவு நாள் லினக்ஸில் ஓடிய அதே மெஷினில் கடைக்காரர் விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். ஜிகாம்ப்ரிஸைத் திறந்தால் பாட்டு மட்டும் கேட்கிறது, திரை முழுக்கக் கருப்பு. 2000-இல் ஜிடிகே என்ற நிரல் கருவித்தொகுப்பில் தொடங்கிய மென்பொருளை 2014 வாக்கில் க்யூடி குயிக் என்ற வேறொன்றில் அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள், அது திரையில் படம் வரைய ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் வசதியின் 2.1 பதிப்பையாவது கேட்கிறது. லினக்ஸில், கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மெசா என்ற இலவசத் தொகுப்பு வழியாகக் கூடவே வந்துவிடும். விண்டோஸிலோ சரியான டிரைவர் இல்லாவிட்டால் கிடைப்பது வெறும் ஓப்பன்ஜிஎல் 1.1 தான், பழைய சிப்புக்குப் புது டிரைவரை எங்கே போய்த் தேடுவது? கிராபிக்ஸ் சிப்பை விட்டு பிராசஸரே படம் வரையும் சாஃப்ட்வேர் ரெண்டரர் வழியைப் போட்டால் திறக்கிறது, ஆனால் படகு விட்டு விட்டு நகர்கிறது, பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள்.

எழுதியவர்கள் மேல் பழி போட மாட்டேன். ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாக மாற்றி எழுதியது சாதாரண உழைப்பு இல்லை, அதனால்தான் இன்று ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடுகிறது. முன்பு விண்டோஸில் எல்லா விளையாட்டும் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும், இப்போது எங்குமே இலவசம். ஆனாலும் மாணவர்களைப் பிரித்து வைக்க ஆசிரியருக்கென்று பழைய பதிப்பில் இருந்த நிர்வாகப் பகுதி இந்த மாற்றத்தில் காணாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான், டியூஷன் எடுப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதனால் நண்பருக்கு என் பதில்: கையில் இருப்பது பழைய விண்டோஸ் மெஷின் என்றால் வேண்டாம். நான் இந்த வாரமே லினக்ஸைத் திரும்பப் போடுகிறேன்.