ஊரடங்கின் கடுமையை அளந்த தளம்: 5க்கு 4

ஊரடங்கை இன்னும் இறுக்கியிருக்க வேண்டுமா, தளர்த்தியிருக்க வேண்டுமா என்ற வாக்குவாதம் எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் ஓயவில்லை. அதில் ஆதாரத்தோடு பேச எனக்குக் கைகொடுப்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கொரோனா நடவடிக்கைப் பதிவுதான். இலவசம். 2020 முதல் 2022 இறுதி வரை, 180க்கும் மேற்பட்ட நாடுகளின் விதிகள் நாள்வாரியாக இருக்கின்றன.

பள்ளி, வேலையிடம், கூட்டம், பயணம் என 9 அம்சங்களைச் சேர்த்து 0 முதல் 100 வரை ஒரு கடுமைக் குறியீடு. எல்லோரும் சண்டைக்குத் தூக்கிக்கொண்டு வருவது இந்த எண்ணைத்தான். எனக்கோ உள்ளே அம்சத்துக்கு ஒன்றாக இருக்கும் தனித்தனிப் பத்திகள்தான் (அட்டவணையின் நெடுவரிசைகள்) முக்கியம். பள்ளிப் பத்தியில் 1 என்றால் மூடும்படி பரிந்துரை, 2 என்றால் சில நிலைகளுக்கு மட்டும் கட்டாய மூடல், 3 என்றால் முழு மூடல். 2020 வசந்தத்தில் ஸ்வீடன் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளைத் திறந்தே வைத்து, மேல்நிலை மாணவர்களை மட்டும் வீட்டிலிருந்து படிக்கச் சொன்னது. மொத்த எண்ணில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும்.

குறைகளும் உண்டு. நாட்டின் ஒரு பகுதியில் மட்டும் கெடுபிடி இருந்தாலும் குறியீடு அந்த உச்சத்தையே எடுத்துக்கொள்கிறது. முகக்கவசம் அதில் சேர்த்தியே இல்லை. தனிப் பத்தியாகக் கிடக்கிறது. கடுமை அதிகம் என்றால் நல்ல நிர்வாகம் என்று அர்த்தமில்லை எனத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அதைப் படிக்காமல் வரைபடத்தை மட்டும் வெட்டி ஒட்டுபவர்கள்மேல் எனக்குக் கோபம்தான்.

பதிவிறக்கினால் விளக்கக் கையேட்டையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் பத்திகள் புரியாது.