மெகா மேன் ஜீரோ: நான்கு பாகங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்த, ஜீரோ என்ற ரோபோ வீரனை நாயகனாகக் கொண்ட நான்கு கேம்களையும் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. அதே சிவப்புக் கவசம், அதே பச்சை வாள், சுவரில் தொற்றித் தொற்றி ஏறும் அதே தாவல். 2002 ஏப்ரலில் ஜப்பானில் முதல் பாகம், 2003 மே, 2004 ஏப்ரல், 2005 ஏப்ரலில் மற்ற மூன்றும். வெளியீடு காப்காம், உருவாக்கம் இன்டி கிரியேட்ஸ். ஜப்பானில் பெயர் ராக்மேன் ஜீரோ.

விளையாடத் தொடங்கினால்தான் வித்தியாசம் கைக்குத் தட்டுப்படும். நான்குமே கஷ்டமான கேம்கள். உங்களுக்குக் கிடைக்கும் உதவிக்கு ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு விலை கேட்கிறது. எந்த விலையைக் கொடுக்க மனம் வருமோ அந்தப் பாகமே உங்களுக்குச் சரியான தொடக்கம்.

விலை என்று சொல்வது ரேங்க்கை. ஒவ்வொரு பணி முடிந்ததும் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு எஸ் முதல் எஃப் வரை ஓர் எழுத்தைக் கையில் கொடுப்பார்கள். எடுத்த நேரம், வீழ்த்திய எதிரிகள், வாங்கிய அடி, எத்தனை முறை செத்து மறுபடி தொடங்கினீர்கள், எல்ஃப் என்ற குட்டி உதவியாளரைப் பயன்படுத்தினீர்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். இந்தக் கடைசிக் கணக்கில்தான் குத்தல் இருக்கிறது. இதற்கு முந்தைய மெகா மேன் எக்ஸ் வரிசையில் ஹெல்த்தைக் கூட்டும் பொருள் எங்காவது ஒளித்து வைக்கப்பட்டிருக்கும்; தேடி எடுத்தால் உங்களுடையது. ஜீரோவில் அந்த வேலையைச் செய்வது சைபர் எல்ஃப்கள். அவற்றைக் கண்டுபிடித்து, பலவற்றுக்கு எனர்ஜி கிரிஸ்டல் ஊட்டி வளர்த்து, பிறகு பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தியதும் அது செத்துப்போகும், உங்கள் மதிப்பெண்ணும் குறையும். பலவீனமான ஆட்டக்காரருக்கு ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, ஊன்றி நடந்தால் அபராதம் போடுவது மாதிரி.

முதல் பாகம் இந்த விஷயத்தில் கொஞ்சமும் இரங்காது. தொடக்கத்தில் வாள் ஒரே ஒரு வெட்டுதான் வெட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த அதன் லெவல் ஏறி, இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு, சார்ஜ் வெட்டு (பட்டனை அழுத்திப் பிடித்து வலுவேற்றி விடுவது) என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். பஸ்டர் துப்பாக்கி, டிரிபிள் ராட் ஈட்டி, ஷீல்ட் பூமராங் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாள் பலமாக இருக்கிறதே என்று அதையே வீசிக்கொண்டு போவார்கள். பாதி கேம் தாண்டியபின் பஸ்டர் சார்ஜ் தேவைப்படும் பாஸ் (பணியின் பெரிய எதிரி) எதிரே வந்து நிற்கும்போது அது தொடக்க நிலையிலேயே கிடக்கும். முதல் இரண்டு மூன்று பணிகளுக்குள்ளேயே, திரும்பத் திரும்ப முளைக்கும் சில்லறை எதிரிகள் வரும் இடமாகப் பார்த்து, இரண்டு ஆயுதங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஏற்றிவிடுவது நல்லது. பணிக்கு வெளியே செய்தால் நேரக் கணக்கும் இல்லை. முதல் பாகத்தில் ஜீரோவின் தோழர்களான ரெசிஸ்டன்ஸ் கிளர்ச்சிக் குழுவின் தளத்திலிருந்து வெளியே நடந்தே பல பகுதிகளுக்குப் போகலாம் என்பதால் இது சுலபம்.

இப்படி எல்லா இடமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது முதல் பாகத்துக்கே உரிய அழகு. பிந்தைய மூன்றிலும் பட்டியலிலிருந்து பணியைத் தேர்ந்தெடுத்து டெலிபோர்ட் ஆகிப் போய்விடுவீர்கள். ஆனால் அந்த அழகோடு ஒரு முள்ளும் வருகிறது. முதல் பாகத்தில் ஒரு பணியில் தோற்றுக் கைவிட்டால் கதை அதை விட்டுவிட்டு மேலே போய்விடும், அந்தப் பணி திரும்ப வராது. கூடுதல் உயிர்களும் கொஞ்சம்தான். பணிக்குப் புறப்படும் முன் சேவ் செய்துகொள்ளுங்கள். தோற்றால் கைவிடுவதைவிட பழைய சேவுக்குத் திரும்புவது மேல்.

எலிமென்ட் சுழற்சி எல்லாப் பாகத்துக்கும் பொது, ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும்: நெருப்புக்கு எதிரி ஐஸ், ஐஸுக்கு எதிரி மின்னல், மின்னலுக்கு எதிரி நெருப்பு. எதிர்த்தரப்பின் பாஸ்களான நாலு காவலர்களில் ஃபெஃப்னிருக்கு ஐஸ் சிப் (ஆயுதத்துக்கு அந்த எலிமென்ட்டைத் தரும் பொருள்), லெவியாதனுக்கு மின்னல் சிப், ஹார்பியாவுக்கு நெருப்புச் சிப். நான்காமவர் ஃபேன்டமுக்கு எலிமென்ட் கிடையாது, அவர் அசைவைக் கவனிக்கும் கண்தான் வேண்டும். சிப்பை மாட்டிவிட்டுச் சும்மா வெட்டிக்கொண்டிருந்தால் பலன் முழுதாகத் தெரியாது. சார்ஜ் செய்து அடியுங்கள்.

பாஸ்களைப் பற்றி ஒரு இடைச்செருகல். இவர்களில் பலருக்கு உருவம் புராணங்களிலிருந்து வந்தது. முதல் பாகத்தில் மகா கணேஷரிஃப் என்று யானை உருவத்தில் ஒருவர் உருண்டு வருவார். தடியோடு குதிக்கும் குரங்கு வடிவத்தின் பெயர் ஹனுமெஷின். பிள்ளையாரையும் அனுமாரையும் வாளால் வெட்ட வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஹனுமெஷின் மூன்றாம் பாகத்திலும் புதுப்பிக்கப்பட்டு வருகிறார், அங்கேயும் நெருப்புதான். ஐஸ் சிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் முரட்டுத்தனத்தைத் தேய்த்து மெருகேற்றிய கேம். ஓட்டம் சீராகியிருக்கிறது, இசையில் நான்கில் இதற்குத்தான் முதலிடம் என்று வாதாடலாம். ஆனால் ஆயுத லெவலை மறுபடி அடியிலிருந்து ஏற்றச் சொல்கிறது. அதோடு புதிதாக ஒரு நிபந்தனை: இ.எக்ஸ். ஸ்கில். பாஸை வீழ்த்தும்போது உங்கள் ரேங்க் ஏ அல்லது எஸ் ஆக இருந்தால்தான் அவரது சிறப்பு நுட்பம் உங்களுக்குக் கிடைக்கும். ரேங்க் உயர்ந்திருந்தால் அந்த பாஸும் தன் பெரிய தாக்குதலை வெளியே எடுப்பார். இதில் மாட்டிக்கொள்வது ஆரம்பக்காரர்தான். ஆயுதம் இன்னும் வளரவில்லை, எல்ஃப் தொட்டால் மதிப்பெண் போகும், மதிப்பெண் போனால் ஸ்கில் போகும். ஸ்கில் இல்லாமல் அடுத்த பணி இன்னும் கடினம். நன்றாக ஆடுபவருக்குப் பரிசு மேல் பரிசு, தடுமாறுபவருக்கு வெறுங்கை. முதல் ஓட்டத்தில் ரேங்க்கை மறந்துவிட்டு எல்ஃப்களை வாரி இறைத்துக் கதையை முடியுங்கள்; ஸ்கில் வேட்டையை இரண்டாம் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகத்தின் புது ஆயுதம் செயின் ராட். மேற்கூரையைப் பிடித்துத் தொங்கி ஊசலாடலாம், தொலைவில் இருக்கும் பொருளை இழுக்கலாம். கேட்க நன்றாயிருக்கும், கைக்கு வர நாளாகும். பலரும் தவறுவது ஒரே இடத்தில்: ஊசல் முன்னோக்கி வரும்போதே அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள். உச்சிக்குப் போய்த் தயங்கும் அந்த நொடியில் விட வேண்டும். குறிப்பிட்ட செயல்களைக் குறிப்பிட்ட அளவு செய்தால் திறக்கும் ஃபார்ம்கள், அதாவது ஜீரோவின் திறனை மாற்றும் வடிவங்கள், வேறு இருக்கின்றன. அவை எப்போது, ஏன் திறக்கின்றன என்று கேம் வாயைத் திறப்பதில்லை.

யாராவது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டியது மூன்றாம் பாகத்தை. ஆயுத லெவல் ஏற்றும் வேலையே இல்லை. முதல் நிமிடத்திலேயே மூன்று வெட்டுத் தொடரும் சார்ஜும் கையில் இருக்கும். தலை, உடல், கால் என்று மூன்று இடத்தில் சிப் மாட்டிக்கொள்ளலாம். காலில் மாட்டும் டபுள் ஜம்ப் (நடுவானில் இன்னொரு தாவல்) ஒன்றே பள்ளங்களில் விழுந்து சாவதைப் பாதியாகக் குறைத்துவிடும். எல்ஃப்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஃப்யூஷன் வகை பழையபடி பயன்படுத்தியதும் மறைந்துபோகும். சாட்டிலைட் வகை கூடவே பறந்து வரும், கழற்றி மாட்டலாம், சாகாது. ஒரு உதவியை எடுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைக்க முடிகிற முதல் ஜீரோ இதுதான். இந்த ஒரு மாற்றமே கேமின் குணத்தை மாற்றிவிடுகிறது.

இலவசம் என்று நினைத்து ஏமாறும் இடமும் உண்டு. பணிகளுக்குள் ஆங்காங்கே சைபர்ஸ்பேஸ் கதவுகள் இருக்கும். உள்ளே போனால் எதிரிகள் குறைவு, உங்களிடமுள்ள எல்ஃப்களின் பலன் சில தானாகவே வேலை செய்யும். வெளியே வந்து பார்த்தால் மதிப்பெண் குறைந்திருக்கும். ஸ்கில் வேண்டும் என்று இறங்கியிருக்கும் பணியில் அந்தக் கதவைத் தொடாதீர்கள். மற்ற பணிகளில் தாராளமாக நுழையலாம்.

புது ஆயுதமான ரீகாயில் ராடைப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். தவறு. அதைச் சார்ஜ் செய்து கீழ்நோக்கி அடித்தால் ஜீரோ உயரமாக எம்புவார். பணிகளில் தேடி எடுக்கும் ரகசிய டிஸ்க்குகள் சிலவற்றுக்கு இதுவே வழி. டிஸ்க்குகள் மொத்தம் 180. தளத்துக்குக் கொண்டுவந்து அங்கே இருக்கும் பொறியாளர் செர்வோவிடம் கொடுத்தால்தான் திறக்கும், அப்படியே கிடங்கில் கிடந்தால் பயனில்லை.

மூன்றிலிருந்து தொடங்குவதற்கு ஒரே எதிர்வாதம் கதை. எதிரியான ஒமேகா யார் என்ற திருப்பம் முதல் இரண்டு பாகங்களைத் தெரிந்தவருக்கே முழுதாக உறைக்கும். கதைக்காக விளையாடுபவர் ஒன்றிலிருந்தே தொடங்கட்டும். கைக்காக விளையாடுபவருக்கு மூன்று.

நான்காம் பாகம் பழைய ஒப்பந்தத்தையே கிழித்துப் போடுகிறது. இ.எக்ஸ். ஸ்கில்லுக்கு ரேங்க் தேவையில்லை, வானிலை போதும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பாஸ் பணிகளுக்கு இரண்டு வானிலைகள் உண்டு, கடினமானதைத் தேர்ந்து பாஸை வென்றால் ஸ்கில் கிடைக்கும். விலை முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. பிடித்தால் எடுங்கள், இல்லையென்றால் சுலபமான வானிலையில் போங்கள். நூற்றுக்கு எத்தனை என்று நடுங்கிக்கொண்டே ஓடுவதைவிட இது எவ்வளவோ நாகரிகம். எல்ஃப் கூட்டமும் இல்லை. க்ருவார் என்ற ஒரே எல்ஃபுக்குக் கிரிஸ்டல் ஊட்டி வளர்த்தால் போதும். ஈஸி மோடும் உண்டு.

ஆனால் ஆயுதத்தில் கைவைத்துவிட்டார்கள். ராடும் ஷீல்ட் பூமராங்கும் போய் ஜீரோ நக்கிள் வந்தது. எதிரியின் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பிடுங்கிப் பயன்படுத்துவது அதன் வேலை. பிடுங்கியது சில அடிக்கே தாங்கும் என்பதால், எந்த எதிரியிடம் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவருக்கு விருந்து, தெரியாதவருக்கு வெற்றுக் குத்து. சிப்களும் கீழே கிடைப்பதில்லை. எதிரிகள் உதிர்க்கும் பாகங்களைச் சேர்த்து நீங்களே செய்ய வேண்டும். கண்டபடி கலந்தால் குப்பைதான் வரும். தளத்தில் இருப்பவர்களோடு ஒவ்வொரு பணிக்குப் பின்னும் பேசுங்கள், சேர்மானக் குறிப்புகளை அவர்கள்தான் சொல்வார்கள். பேசாமல் ஓடுபவர்கள் கடைசிவரை டபுள் ஜம்ப் இல்லாமலேயே முடிப்பதுண்டு.

இந்த வரிசையின் நீட்சியான மெகா மேன் இசட்எக்ஸ் 2006இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தது. அங்கே ரேங்க் இடத்தில் பழுதுச் செலவு. பாஸின் பலவீனமான இடத்தில் அடித்தால் சீக்கிரம் சாவார், ஆனால் அவரிடமிருந்து கிடைக்கும் பயோமெட்டல் (நாயகனுக்குப் புது வடிவம் தரும் பொருள்) சேதமாகி வரும். சரிசெய்யக் கிரிஸ்டல் கொட்ட வேண்டும். யோசனை அருமை. வரைபடம்தான் தலைவலி: எந்தக் கதவு எந்தப் பகுதிக்குப் போகிறது என்று பென்சிலும் தாளும் வைத்துக்கொள்ளாமல் கண்டுபிடிப்பது சிரமம். முதல் கேமாக இதை எடுக்க வேண்டாம்.

எதில் விளையாடுவது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். 2020 பிப்ரவரியில் வந்த ஜீரோ/இசட்எக்ஸ் லெகசி கலெக்ஷனில் ஜீரோ நான்கும் இசட்எக்ஸ் இரண்டுமாக ஆறு கேம்கள் உண்டு. ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி நான்கிலும் கிடைக்கும். பணிக்கு நடுவே சேவ் செய்யும் வசதியையும் தாக்குதல் குறைந்த கேஷுவல் மோடையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் முதல் பாகத்தின் பல் முழுதாகப் பிடுங்கப்பட்டுவிடும். நடுச்சேவ் மட்டும் போதும். 2010இல் டிஎஸ்ஸுக்கு வந்த ஜீரோ கலெக்ஷனில் நான்கு கேம்கள் மட்டும். அதிலுள்ள ஈஸி சினாரியோ நான்கையும் தொடர்ச்சியாக ஓட்டிக் கதையை மட்டும் பார்க்க விரும்புபவருக்கானது.

அசல் கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பழைய டிஎஸ்ஸும் டிஎஸ் லைட்டும் கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை ஏற்கும், டிஎஸ்ஐயும் 3டிஎஸ்ஸும் ஏற்காது. கேம் பாய் அட்வான்ஸுக்கு நாட்டுப் பூட்டு இல்லை என்பதால் ஜப்பானிய கார்ட்ரிட்ஜும் ஓடும். வெட்டுப்பட்ட ரோபோவிலிருந்து தெறிக்கும் சிவப்பு வெளிநாட்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது, ஜப்பானியதில் அப்படியே இருக்கும். எல்ஃப்களின் விளக்கம் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால் எதை ஊட்டி வளர்ப்பது என்று தெரியாமல் கிரிஸ்டலை வீணாக்குவீர்கள். போலிகளும் சந்தையில் நிறைய. வாங்கும் முன் உலோகப் பற்களுக்கு மேலே பலகையில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரிகிறதா, லேபிளில் அழுத்திப் பதித்த மங்கலான எண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் முதலில் பட்டன் அமைப்பைத் திறங்கள். ஆரம்ப அமைப்பில் எல் பட்டனில் டாஷ் (வேகப் பாய்ச்சல்) இருக்கும். ஆர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பி அடித்தால்தான் துணை ஆயுதம் வெளியே வரும். பாஸ் சண்டையில் டாஷ், தாவல், சார்ஜ் மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்க அந்தச் சிறிய கருவியில் விரல் பிசகும். துணை ஆயுதம் தனிப் பட்டனில் வரும் அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு முதல் பணிக்குப் போங்கள்.