கேள்வி–பதில் புத்தகமா, ஆலையில் ஓர் இரவா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஆலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் என்றால், நம் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்வி–பதில் புத்தகம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் உருப்போடுகிறார்கள். தெரிந்தவர் மூலம் அனுமதி கேட்டு, ஆலைக்குள்ளேயே ஓர் இரவு நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் மிகச் சிலர். நேர்காணல் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் நான். அந்தச் சிலரின் வழிதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

புத்தகம் வீண் அல்ல. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும், ஆர்த்தடாக்ஸ் முறையில் இலை உருட்டப்படுகிறது, சிடிசி முறையில் பல் வைத்த உருளைகளுக்கிடையே நசுங்கிக் கிழிந்து குருணையாகிறது என்பதையெல்லாம் அதிலேயே படித்துவிடலாம். இரண்டு மாலைப்பொழுது போதும்.

ஆனால் வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்ற வரிசையை வருகிறவர்கள் எல்லோருமே ஒப்பிக்கிறார்கள். அப்படித் தடங்கலின்றி ஒப்பித்த ஓர் இளைஞரிடம், "கொழுந்து பதமாக வாடிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள், தம்பி?" என்று கேட்டேன். ஈரப்பத விழுக்காட்டைச் சொன்னார். "நள்ளிரவு. அளக்கும் கருவி பழுது. என்ன செய்வீர்கள்?" என்றேன். அவரிடம் பதில் இல்லை. நல்ல பிள்ளை, உழைத்துப் படித்திருந்தார். அவருக்கு யாரும் இலையைக் காட்டவில்லையே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆலையில் நின்றவருக்கு இது கடினமான கேள்வியே அல்ல. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் இலை உருண்டையாகவே நிற்க வேண்டும், சட்டென்று விரியக் கூடாது. காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். பச்சை வாடை அடங்கிப் பழ வாசம் எழும். மழை நாளில் இந்தப் பதம் வர நேரம் இழுக்கும், வறண்ட காற்றில் சீக்கிரம் வந்துவிடும். நொதிக்கும்போது இலை செம்பு நிறத்துக்குத் திரும்புவதையும் கண்ணால் பார்த்தவர்தான் தயங்காமல் விவரிப்பார்.

போவதானால் கொழுந்து லாரி வந்து இறங்கும் மாலை நேரத்தில் போங்கள். இரவெல்லாம் வாடி, விடியும் முன் உருட்டப் போகும் வரை கூடவே இருங்கள். கொழுந்து குவியும் மாதங்களில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. வரத்து குறைந்த நாளாகப் பார்த்துக் கேளுங்கள். பெண்பிள்ளைகளை இரவில் அனுப்ப வீட்டில் தயங்கினால், ஒரு நாள் மாலையும் மற்றொரு நாள் விடிகாலையுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கண்ணாடி முன் பேசிப் பழகுவதைவிட, ஓய்வுபெற்ற டீமேக்கர் (ஆலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) ஒருவரிடம் பேசிப் பார்ப்பது எவ்வளவோ மேல். கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காது. ஆங்கிலம் தடுமாறினால் அனுமதி கேட்டுத் தமிழில் சொல்லுங்கள். நான் இருந்த மேசையில் அதற்காக யாரையும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

பயணத்திலும் இரண்டு வழி உண்டு. கூடலூர்க்காரர்கள் அன்று காலை முதல் பஸ்ஸை நம்புகிறார்கள். ஊட்டிக்கே ஐம்பது கிலோமீட்டர், பிறகு குன்னூருக்கு வேறு பஸ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மரம் சாலையில் விழுந்தால் போதும், நேரம் போய்விடும். முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் மலை ரயிலை நினைக்கவே வேண்டாம், பஸ்தான். பர்லியாறு வழியில் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழியாக ஏறிவிடலாம். நேர்காணலுக்கான சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் குன்னூரில் இறங்கி, முகம் கழுவிய பிறகு அணிந்துகொள்ளலாம்.