மாசி மாதத்தில் இலுப்பை விதை விற்பவரிடம் காசு கட்டாதேங்கோ

நாட்டு மரக்கன்று வளர்க்கப் பொலித்தீனால் மூடின பச்சைவீடு அடித்துத் தருகிறோம், விதையும் தருகிறோம், வளர்ந்த கன்றை நாங்களே திருப்பி வாங்குகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரிடம் நான் 385,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் கொடுக்கக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். ஆளின் பெயரைப் போடவில்லை. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையில் விடயம் இன்னும் முடியவில்லை.

எங்கள் காணி வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் போரால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். 2017இல் திரும்பக் கையில் கிடைத்தபோது ஆறு பரப்பும் பற்றை. கிணற்றடியில் அப்பப்பா வைத்த இரண்டு இலுப்பையும் படலையடியில் நின்ற பாலையும் இருந்த அடையாளமே இல்லை. அந்த இலுப்பைக் கொட்டையில் ஆட்டின எண்ணெய்தான் ஒருகாலம் எங்கள் கோயிலில் விளக்கெரித்தது. ஆலடி, அரசடி, வேம்படி, நாவற்குழி, மருதங்கேணி என்று சந்திக்கும் ஊருக்கும் மரத்தின் பெயரை வைத்த சனம் நாங்கள். பென்சன் எடுத்த பிறகு அந்தக் காணியில் இலுப்பையும் பாலையும் மருதும் முதிரையும் திரும்ப நிற்கவேண்டும், ஊராருக்கும் கன்று கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். இதை நாலு பேரிடம் சொல்லியும் இருந்தேன். அது என்னை ஏமாற்றினவருடைய காதுக்கும் போயிருக்க வேண்டும்.

தை மாதக் கடைசியில் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. "ரீச்சர், மலைநாட்டில தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அடிக்கிற அதே வீடு. வெளியில ரெண்டு வருசம் எடுக்கிற கன்று இதுக்குள்ள ஆறு மாசத்தில வந்திடும். கார்த்திகை மரநடுகை மாதத்துக்கு 2,000 கன்றுக்கு ஓடர் கையில இருக்கு. ஒரு கன்றுக்கு 150 ரூபா தந்து நாங்களே எடுப்பம்" என்றார். ஒரு கடிதமும் காட்டினார். யார் வாங்குகிறார்கள் என்று அதில் இல்லை, திகதி இல்லை, கையொப்பம் இல்லை. இதெல்லாம் இப்போது எடுத்துப் பார்க்கும்போது தெரிகிறது. அன்றைக்கு அந்த 2,000 கன்று என்ற சொல்லே கண்ணை மறைத்துவிட்டது. முற்பணம் 250,000. வங்கிக் கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, கொம்பனிக் கணக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். நம்பிக் கட்டினேன். ரசீது கேட்டபோது, கணக்குப் போட்ட தாளிலேயே தொகையை எழுதித் தந்தார்.

வீடு 20 அடிக்கு 30 அடி. இரும்புக் குழாய்ச் சட்டம். கூரையிலிருந்து நிலம் வரை நாலு பக்கமும் பொலித்தீன். ஒரு கதவு, அவ்வளவுதான். முகட்டில் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் வெப்பமானி கட்டிப் பார்த்தேன். வெளியில் 33 பாகை, உள்ளே 47. உள்ளே வந்த வெயில் மண்ணையும் பைகளையும் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது, ஆனால் போக வழியில்லை. மலைநாட்டு நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிற குளிர் ஊர், அங்கே குளிருக்கும் மழைக்கும் மூடுவதில் நியாயம் இருக்கிறது. எங்களுடையது கடலோடு ஒட்டின தட்டை நிலம். பாலையும் வேம்பும் இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த மரங்கள், அவற்றைச் சூடாக்கி வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. சின்ன வயதில் உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் நிழலும், மாரி மழை நாற்றின் தலையில் அடிக்காமல் ஒரு மறைப்பும் போதும்.

சூட்டைப் பற்றிச் சொன்னதும் நீர்ப்புகை விசிறும் குழாய்கள் பூட்டித் தந்தார். அதுவும் அந்தத் தொகைக்குள் என்றார், அதனால் சந்தோசப்பட்டேன். எங்கள் கிணற்றுத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை அந்தச் சின்னத் துவாரங்களிலும் படிந்தது. ஆறு கிழமையில் முக்கால்வாசி அடைபட்டுவிட்டது. பொலித்தீன் 200 மைக்கிறோன், வெயில் தாங்கும் ரகம், நாலு வருடம் நிற்கும் என்றார். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் முகட்டோரம் நொறுங்கிக் கிழிந்தது. அது சாதாரணப் பொலித்தீன். றோலின் சுற்றில் ஒட்டியிருக்கும் விபரத்தைப் பார்க்காமல் யாரும் கூரை போட விடாதேங்கோ. வெட்டி மடித்துக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம்.

இவ்வளவும் நடந்தும் நான் பொறுத்திருப்பேன். விதையில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாசி நடுப்பகுதியில் 1,500 இலுப்பை விதை கொண்டுவந்து தந்தார். "இப்ப பொறுக்கினது, புது விதை" என்றார். செம்பாட்டு மண், மணல், கூட்டெரு கலந்து பை நிரப்பி, ஒவ்வொன்றாக ஊன்றி, காலையும் மாலையும் தண்ணி விட்டேன். நாற்பத்தைந்து நாள் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டி எடுத்து வெட்டினால் உள்ளே பருப்புச் சுருங்கிக் கபிலமாகி, பழைய எண்ணெய் வாடை அடித்தது. பக்கத்து வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா: "பிள்ளை, மாசியில பூவே இன்னும் விழேல்லை, கொட்டை எங்கால வந்தது?"

அந்தக் கேள்வி எனக்கு முதலே வந்திருக்க வேண்டும். இலுப்பை பூப்பது மாசி, பங்குனியில். பழம் விழுவது ஆனி, ஆடியில். அதன் விதை எண்ணெய்ப் பருப்பு, காயவிட்டு வைத்திருந்து விதைக்கிற தானியம் அல்ல. விழுந்து சில கிழமைக்குள் மண்ணுக்குள் போகவேண்டும், இல்லையென்றால் உயிர் போய்விடும். வேப்பங்கொட்டையும் அப்படித்தான். ஆகவே மாசியில் ஒருவர் இலுப்பை விதை தந்தால், அது போன ஆடியில் பொறுக்கியது, செத்த விதை. விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. எந்த மர விதை வாங்கினாலும் அந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று ஊரில் வயது போன ஒருவரைக் கேளுங்கோ. ஐந்து நிமிட வேலை. எனக்கு அது மூன்று மாதத்தையும் பெருந்தொகையையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

முறையிட்டதும் உடனே வந்தார். "விதை பிழைச்சுப் போச்சு ரீச்சர், வளர்ந்த கன்றே தாறன்" என்று 400 கன்று லோரியில் இறக்கினார். ஒரு முழம் உயரம், நீண்ட தனி இலைகள், பச்சைப்பசேலென்று இருந்தன. அதைப் பார்த்த சந்தோசத்தில் மிச்சம் 135,000 ரூபாவையும் கொடுத்துவிட்டேன். ஆனியில் புதுக் குருத்து வந்தபோது இலை தனியாக வரவில்லை. ஒரு காம்பில் இரண்டு பக்கமும் சிற்றிலைகளாக, வேப்பிலை மாதிரிப் பிரிந்து வந்தது. விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தவுடன் சொன்னார், மகோகனி. அமெரிக்கக் கண்டத்து மரம். நாற்றுப் பருவத்தில் முதல் இலைகள் தனி இலையாக இருக்கும், வளர வளரத்தான் கூட்டிலையாக மாறும். அந்த வயதைப் பார்த்தே கொண்டுவந்திருக்கிறார்கள். இலுப்பை எத்தனை வயதானாலும் தனி இலைதான். இன்னொரு அடையாளமும் காட்டினார்: இலுப்பை இலையையோ பாலை இலையையோ காம்போடு ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். என் 400 கன்றில் ஒன்றிலும் பால் இல்லை. கன்றை லோரியால் இறக்குவதற்கு முதல் ஓர் இலையை ஒடித்துப் பாருங்கோ.

அதற்குப் பிறகு அவருடைய தொலைபேசி எடுபடவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுத்தேன். இணக்கசபைக்கும் எழுதினேன். சபை கூப்பிட்ட முதல் நாள் அவர் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது வந்து, கதைத்துக் கதைத்து 60,000 ரூபா தவணைமுறையில் தருவதாக ஒப்புக்கொண்டார். 20,000 வந்தது. மிச்சம் இன்னும் இல்லை. வங்கிச் சிட்டையும், தொகை எழுதித் தந்த அந்தத் தாளும், ஒவ்வொரு கட்டத்திலும் மகள் எடுத்த படங்களும் இருந்தபடியால்தான் அந்த அளவாவது முடிந்தது. காசைக் கையில் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்ல வாயே இருந்திருக்காது.

பொலித்தீனை முழுவதும் கழற்றிவிட்டேன். இரும்புச் சட்டம் நல்லது, அதை விடவில்லை. மேலே பாதி வெயில் விடும் நிழல் வலை, பக்கங்கள் திறப்பு, சோளகப் பக்கம் மட்டும் கிடுகு. ஆடியில் கோயில் இலுப்பையடியில் காலமை காலமை போய்ப் பழம் பொறுக்கி, சதையைக் கழுவி, அந்தக் கிழமைக்குள்ளேயே 300 விதை ஊன்றினேன். 211 முளைத்தன. ஆச்சியும் வந்து எண்ணினா. பாலை மெதுவாக வளரும் மரம், அதற்கு அவசரப்படக்கூடாது என்று இப்போது விளங்குகிறது. நடுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்க வேண்டும். வேர் பைக்குள் சுருளத் தொடங்குவதற்கு முதல், ஐப்பசி கார்த்திகை மழையோடு நிலத்தில் வைக்கவேண்டும்.

மகோகனிக் கன்றுகளை வெட்டி எறிய மனம் வரவில்லை. மரம் என்ன பிழை செய்தது? என்ன மரம் என்று தெளிவாகச் சொல்லி, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதுவதற்குக் காரணம், போன கிழமை சாவகச்சேரியில் இருக்கும் தங்கை அனுப்பிய விளம்பரம். அதே தொலைபேசி இலக்கம், அதே பச்சைவீட்டுப் படம், "புதிய இலுப்பை விதை கையிருப்பில் உண்டு" என்ற வரி. இன்றைக்கு மாசி 9. எங்கள் கோயில் இலுப்பையில் இப்போதுதான் மொட்டுக் கட்டியிருக்கிறது. யாராவது முற்பணம் கட்டியிருந்தால் மிச்சத்தைக் கட்டாமல் நிறுத்துங்கோ. என்னிடம் இருக்கும் முறைப்பாட்டுப் பிரதிகளை உங்கள் முறைப்பாட்டோடு இணைக்கத் தருகிறேன்.