எம்பெடட் லினக்ஸ் போர்டு வாங்கும் முன் கெர்னல் கான்ஃபிக்கைக் கேட்டு வாங்குங்கள்

எம்பெடட் லினக்ஸ் போர்டு (லினக்ஸில் இயங்கும் சிறு கணினிப் பலகை) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சென்சார் அளவீடுகளைப் பென்டிரைவில் சேமிக்க ஒரு போர்டு தேவைப்பட்டது. 'யூஎஸ்பி ஸ்டோரேஜ் வசதி உண்டு' என்று விவரத்தாளில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். பென்டிரைவைச் செருகினால், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் பெயர் வருகிறது, ஆனால் டெவ் அடைவுக்குள் டிஸ்க்கைக் குறிக்கும் எஸ்டிஏ வரவே இல்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகைப் பார்த்தால், புதிய ஹை-ஸ்பீட் யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்ற வரியோடு நின்றுவிட்டது. அடுத்து வரவேண்டிய 'மாஸ் ஸ்டோரேஜ்' வரியைக் காணோம்.

விற்றவரைக் கேட்டால், "உங்க பென்டிரைவ் சரியில்லை சார், வேற பிராண்டு போட்டுப் பாருங்க" என்றார். போட்டுப் பார்த்தேன், அதே நிலைதான். பிறகு பவர் பத்தவில்லை என்றார். தனி பவர் உள்ள ஹப் வழியாகவும் இணைத்துக் காட்டினேன்.

கடைசியில், கெர்னலில் எவை சேர்க்கப்பட்டன என்று காட்டும் கான்ஃபிக் கோப்பை ப்ராக் அடைவில் விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. யூஎஸ்பி ஸ்டோரேஜ் வரிக்கு நேரே 'நாட் செட்'. டிரைவரையே சேர்க்காமல் கெர்னலைக் கட்டியிருக்கிறார்கள்! அதில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் வேலை செய்யாது. தாங்கள் கட்டிய கெர்னலில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே வாடிக்கையாளரை அலைய விடுவது என்ன நியாயம்?

டிரைவரை மாட்யூலாக (கெர்னலில் பிறகு ஏற்றும் தனித் துண்டாக) நாமே கட்டிக்கொள்ளலாம் என்றால், அதற்கு அவர்களுடைய சோர்ஸ் (மூலநிரல்) வேண்டும். அதே பதிப்பு எண்ணுள்ள பொதுச் சோர்ஸிலிருந்து கட்டிய மாட்யூலை, வெர்மேஜிக் (எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது என்ற அடையாளம்) பொருந்தவில்லை என்று கெர்னல் தள்ளிவிட்டது. சோர்ஸ் கேட்டதற்கு "அது கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. பைனரியை (கட்டி முடித்த கெர்னலை) விற்பவர் சோர்ஸைக் கூடவே தர வேண்டும், அல்லது கேட்டால் தருகிறோம் என்று குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துபூர்வ உறுதியாவது தர வேண்டும். இதை எழுதி அனுப்பிய பிறகு ஒரு புது இமேஜ் (போர்டில் பதியும் மென்பொருள் தொகுப்பு) வந்தது, சோர்ஸ் வரவில்லை. புது இமேஜில் பென்டிரைவின் முதல் பகிர்வான எஸ்டிஏ1 தெரிந்தது. அதை மவுண்ட் செய்தால் (கோப்புகளைத் திறக்க இணைத்தால்) 'கோட்பேஜ் சிபி437 இல்லை' என்று பிழை. ஃபேட் கோப்பு முறைக்குத் தேவையான எழுத்து அட்டவணையைச் சேர்க்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு பென்டிரைவைச் செருகிப் பார்த்திருந்தால்கூட இது தெரிந்திருக்கும். பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கிறார்கள்.

வாங்கும் முன் கான்ஃபிக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். யூஎஸ்பி ஸ்டோரேஜ், ஸ்கஸி டிஸ்க் (எஸ்டிஏ-வைத் தரும் டிரைவர்), விஃபேட் (ஃபேட் கோப்பு முறை), கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ 8859-1 (இன்னொரு எழுத்து அட்டவணை) எல்லாவற்றுக்கும் நேரே 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே) அல்லது 'எம்' (மாட்யூலாக) இருக்க வேண்டும். 'எம்' என்றால் அந்த மாட்யூல் கோப்புகள் இமேஜுக்குள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பெரிய கொள்ளளவுப் பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. அந்த டிரைவர் முறையாகக் கெர்னலுக்குள் வந்தது 5.7 பதிப்பில்தான், அதனால் கெர்னல் பதிப்பையும் கேளுங்கள். பென்டிரைவ் மவுண்ட் ஆன லாகையும் சோர்ஸ் கிடைக்கும் இடத்தையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.