மலை சரிந்தால் யார் பணம் தருவது? நான்கு வழிகளும் லயத்து வாசலும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண் சரிந்து வீடுகளை மூடியது. நேரடிச் சேதம் மட்டும் ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி கணித்தது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம்தான் எங்கள் மலைகளில் கொட்டுகிறது. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் கரியமில வாயு சராசரியாக ஒரு டன் அளவு; அமெரிக்கர் ஒருவருடையது அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். தேயிலைக் கொழுந்து பறித்து, விறகடுப்பில் சமைத்து, லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வாழ்பவரின் பங்கு அந்த ஒரு டன்னுக்கும் வெகு கீழே இருக்கும்.

எனவே சேதத்துக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. இன்று உலகம் நான்கு வழிகளைக் காட்டுகிறது: கடன், கடன் தவணை ஒத்திவைப்பு, காப்புறுதி, இழப்பு மற்றும் சேத நிதியம். இவற்றை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். பணம் எத்தனை நாளில் வரும்? திருப்பித் தர வேண்டுமா? லயத்து வாசல் வரை வருமா?

கடனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டித்வாவுக்குப் பின் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 206 மில்லியன் டொலர் அவசர நிதி ஒதுக்கியது. விரைவாக வந்த உதவிதான், ஆனால் அது கடன். இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலரிலும் 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன்தான் நன்கொடை. 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. கட்டவேண்டிய பணத்தில் ஒரு பங்கு 18 சதவீதப் பெறுமதி சேர் வரியாகத் திரட்டப்படுகிறது. தோட்டத்துக் கடையில் சவர்க்காரம் வாங்கும் பெண்ணும் அதைக் கட்டுகிறாள். வீட்டை இழந்தவளே அந்த இழப்புக்கான வட்டியையும் கட்டுகிறாள் என்றால் அதை உதவி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தவணை ஒத்திவைப்பு அதைவிட ஒரு படி மேல். கிரெனடா தன் கடன் பத்திரங்களில் புயல் விதி ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தது. 2024 ஜூலையில் பெரில் புயல் தாக்கியதும் அந்த விதியைப் பயன்படுத்தித் தவணைகளைத் தள்ளிப்போட்டது. புதிதாகக் கடன் வாங்காமலே திறைசேரியில் பணம் மிஞ்சியது. இலங்கை எழுதும் ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு விதி இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயம். எனினும் அந்தப் பணம் கொழும்பில் மிஞ்சும் பணம். மலையகத்து ஹட்டனுக்கோ ஹல்துமுல்லைக்கோ அது வரும் என்பதற்கு உறுதி இல்லை.

காப்புறுதியில்தான் கவனமாக நிற்க வேண்டும். இப்போது பல நாடுகள் வாங்குவது, சேதத்தைப் பார்த்துப் பணம் தரும் பழைய காப்புறுதி அல்ல. காற்றழுத்தம், மழை, காற்றின் வேகம் ஆகியவற்றில் முன்கூட்டியே ஓர் அளவு குறிக்கப்படும். அந்த அளவைத் தாண்டினால் பணம், தாண்டாவிட்டால் இல்லை. கரீபிய நாடுகள் 2007 முதல் இப்படி ஒரு கூட்டுக் காப்புறுதி நடத்துகின்றன. ஜமேக்கா உலக வங்கி மூலம் 150 மில்லியன் டொலருக்குப் பேரிடர்ப் பத்திரமும் வெளியிட்டது; குறித்த அளவைப் பேரிடர் தாண்டினால் முதலீட்டாளர் போட்ட பணம் நாட்டுக்குப் போகும். பெரில் அந்நாட்டை உலுக்கியபோது பத்திரத்திலிருந்து ஒரு சதமும் வரவில்லை. குறித்த அளவுக்குக் காற்றழுத்தம் இறங்கவில்லை என்பதே காரணம். 2025 அக்டோபரில் மெலிசா புயல் வந்தபோது முழுத் தொகையும் கிடைத்தது. ஒரே நாடு, ஒரே பத்திரம். இரண்டு முறையும் மக்களின் கூரைகள் பறந்தன.

இதை மலையகத்தில் வைத்துப் பாருங்கள். கடலில் புயலின் கண் எவ்வளவு ஆழமானது என்பது எங்கள் சரிவுகளுக்குத் தெரியாது. பல நாள் பெய்து ஊறிய மண், தூர்ந்துபோன வடிகான், செங்குத்தாக வெட்டிய மண்மேடு, அதன் அடியில் லயம், இவை கூடும்போதுதான் மலை இறங்குகிறது. காப்புறுதி வாங்குவதானால் அதன் அளவு மழைமானியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேர மழை அளவையே பயன்படுத்துகிறது: 75 மில்லிமீற்றரில் விழிப்பு, 100 இல் தயார்நிலை, 150 இல் வெளியேற்றம். அந்த 150 மில்லிமீற்றரிலேயே பணமும் விழும்படி ஒப்பந்தம் எழுதினால், வெளியேறச் சொல்லும்போது போய்த் தங்கும் செலவுக்குக் கையில் காசு இருக்கும். பாடுபட்டு வாங்கிய கோழியையும் பாத்திரத்தையும் விட்டு ஏன் வர மறுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் 60 மில்லிமீற்றர் பெய்யும்போதே இங்கே 160 பெய்யலாம் என்பதால் மழைமானிகள் நெருக்கமாக வேண்டும். பல தோட்டங்களில் பழைய மழைமானியும் மழைப் பதிவேடும் இருக்கின்றன. அவற்றைத் தேசிய வலையமைப்போடு இணைப்பது பெரிய செலவு அல்ல.

கடைசி வழி, இழப்பு மற்றும் சேத நிதியம். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கான இந்த நிதியம் 2022 இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, அடுத்த ஆண்டு துபாயில் செயலுக்கு வந்தது. திருப்பித் தர வேண்டாத மானியம் என்பதால் நியாயத்தின் கணக்கில் இதுவே முதலிடம். தொகையின் கணக்கில் இது மிகச் சிறியது: வாக்களிக்கப்பட்டது 700 மில்லியன் டொலருக்கு மேல், முதற்கட்ட ஒதுக்கீடு 250 மில்லியன், ஒரு திட்டத்துக்கு 5 முதல் 20 மில்லியன். நம் ஒரு நாட்டின் ஒரு வாரச் சேதமே 4,100 மில்லியன்! அந்த முதற்கட்ட ஒதுக்கீட்டிலும் பாதிக்குக் குறையாத பங்கு மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கும் வளரும் சிறு தீவு நாடுகளுக்கும் போகும். இலங்கை தீவுதான், ஆயினும் அந்த இரு பட்டியல்களிலும் இல்லை. மிச்சப் பாதிக்காகவே நாம் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பதும் அரசுதான். பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கே சிறு மானியம் தர நிதியத்தின் சாசனம் இடமளித்தாலும், முதற்கட்டம் அரசுகள் வழியாகவே நடக்கிறது.

அப்படியானால் எனக்கு எது முதல்? நிதியம். அடுத்து, மழையால் அளக்கும் காப்புறுதி. ஒத்திவைப்பு மூன்றாவது, கடன் கடைசி. இந்த வரிசையை எழுதும்போதே எனக்கு ஒரு படிவம் நினைவுக்கு வருகிறது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் லயத்தின் பின்சுவர் விழுந்தது. உதவிக்கு நிரப்பிய படிவத்தில் “வீட்டின் உரிமையாளர்” என்றொரு கட்டம் இருந்தது. அதிகாரி கேட்டபோது அப்பாயி சொன்னார்: “தோட்டத்து லயம் ஐயா, நாங்கள் இருக்கிறோம்.” கட்டம் வெறுமையாகப் போனது. உதவியும் வரவில்லை. தோட்ட நிலம் அரசுடையது. 1992 க்குப் பின் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பனிகளிடம் இருக்கிறது. குடியிருப்பவர் பெயர் இரண்டு ஏட்டிலும் இல்லை.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடப்பட்டது. போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மாற்று நிலம் இருந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே இழப்பு நிதியத்துக்கு இலங்கை அனுப்பும் விண்ணப்பம் ஒன்றாவது மலையகத்துக்காக இருக்கவேண்டும். அதில் மூன்று விடயங்கள் வேண்டும்: ஆபத்தில்லாத சரிவில் குடும்பத்துக்கு 10 பேர்ச்சஸ் காணி, தோட்டத்து மழைமானிகளின் இணைப்பு, உறுதிப்பத்திரத்தில் கணவன் பெயரோடு மனைவியின் பெயர். அடுத்த முறை அந்தப் படிவம் வரும்போது, உரிமையாளர் என்ற கட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுத வேண்டும்.