தகரக் கூரையும் ஸ்குரூ வாஷரும்: ஏழு வருட அனுபவம்

ரெடிமேட் வீடு வாங்கப் போகும் நண்பர் ஒருவர் போன வாரம் ஃபோனில் கேட்டார்: "உங்க வீட்டுத் தகரக் கூரை எப்படி இருக்கு? நம்பிப் போடலாமா?" நான் கூரையிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். சரி, இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஷீட்டைப் பற்றி. ஏழு வருடத்தில் துரு ஏறியது ஒரே இடத்தில்தான். அதுவும் டிரில் போட்டபோது விழுந்த இரும்புத் தூளை யாரும் பெருக்கித் தள்ளாத இடம். மூன்றாம் வருடம் காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து, ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அதே ரக ஷீட்டில் ஒரு துண்டு வெட்டினோம். அதன் மேல்விளிம்பை மேல் ஷீட்டுக்கு அடியில் செருகி, மற்ற பக்கங்களில் கிழிசலை நான்கு விரல் தாண்டி மூடுகிற மாதிரி வைத்து, பியூட்டைல் டேப் (பசையுள்ள ரப்பர் பட்டை) ஒட்டி ஸ்குரூவை முறுக்கினோம். அரை நாள் வேலை. இன்றுவரை அங்கே ஒரு சொட்டு இறங்கவில்லை.

என் கோபமெல்லாம் ஸ்குரூ தலைக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் அடைக்க இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் மேல்தான்.

வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும். 10 மீட்டர் நீள இரும்பு ஷீட், 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் நீளும். ஷீட்டை அடியில் தாங்கும் பர்லின் சட்டத்தைப் பிடித்திருக்கும் ஸ்குரூ அதோடு போகாது. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் ஓட்டை பெரிதாகும், ஸ்குரூ தளரும். கழற்றிய வாஷர் ஒன்றை நகத்தால் அழுத்தினேன். கருகிய காகிதம் போல உதிர்ந்தது. பக்கத்து ஸ்குரூவிலோ, போட்டவர் டிரில்லை விடாமல் முறுக்கியதில் ரப்பர் வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தது. அது வெயிலால் வந்ததே இல்லை, முதல் நாளே செத்த வாஷர்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போனது. படுக்கையறை மூலையில் ஈரக் கறை. அதற்கு நேர் மேலேயே தேடிக்கொண்டிருந்தோம். தண்ணீரோ பர்லின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டு மீட்டர் தள்ளி இறங்கியிருக்கிறது. கடைசியில் ஓஸ் பைப்பை எடுத்து, கீழ் விளிம்பிலிருந்து மேல் நோக்கி ஒவ்வொரு வரிசையாக நனைத்தோம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்றார். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக நனைந்துவிடும், எது என்று தெரியாது.

இதற்கு முன் வந்த ஆள் ஒவ்வொரு தலையிலும் சிலிக்கான் அப்பிவிட்டுப் போயிருந்தார். புளித்த வாடை அடிக்கிற ரகம். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சை அரிக்கும். உரித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இனி நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

இந்த முறை பழைய ஸ்குரூவை மறுபடி முறுக்கவில்லை. ஒரு சுற்று தடிமனான புது ஸ்குரூ, புது வாஷர். ரப்பர் அமுங்கி உலோகத் தொப்பியின் விளிம்பைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்குரூ வரிசை மேலேயே கால் வைத்து நடக்க வேண்டும், அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். நடுவில் மிதித்தால் ஷீட் குழியும்.

ஷீட்டுக்கு 10-க்கு 9 தருவேன். ஆனாலும் நண்பரிடம் இது வேண்டாம் என்றுதான் சொன்னேன். மடிப்புக்குள் கிளிப் பிடித்து, ஸ்குரூ வெளியே தெரியாத ஸ்டாண்டிங் சீம் கூரை இருக்கிறது. செலவு கூடினாலும் அதைப் போடுங்கள் என்றேன்.

முகட்டு வரிசையில் இன்னும் 40 ஸ்குரூ பாக்கி. நாளைக் காலை தகரம் சுடுவதற்குள் ஏற வேண்டும்.